கோயில் வழிக்குப் பகை இல்லை

நிரஞ்சினியோடு பகைத்துக்கொள்வது சுலபம். அதிலிருந்து வெளியே வருவதுதான் கஷ்டம். சுவிஸின் லுசேர்ண் நகரத்தில் அவள் குடியிருக்கும் கட்டடத்தில் சலவை இயந்திரம் எல்லாருக்கும் பொது. அவளுடைய முறை வரும் செவ்வாய்க்கிழமையில் மேல்மாடிப் போர்த்துக்கேயப் பெண் ஒருதடவை தன் துணியைப் போட்டுவிட்டாள். வேறு யாரும் என்றால் முறைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நிரஞ்சினி அந்தப் பெண்ணுக்கு வருடக்கணக்காகக் காலை வணக்கம் சொல்வதில்லை. படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவாள். அந்தப் பெண் கிறிஸ்மஸுக்குக் கேக் கொண்டுவந்து கதவைத் தட்டியும் பார்த்தாள். கேக்கைக் குகநாதன்தான் சாப்பிட்டான்.

குகநாதன் அவளுடைய கணவன், யாழ்ப்பாணத்தான். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் அவன் சமையலறையில், அவள் மூன்றாம் மாடி அறைகளில். கட்டில் விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது, தலையணையில் சொக்கிலேட் வைப்பது என்று அவளுடைய பகல் ஓடிவிடும். அவள் கை பட்ட அறையில் ஒரு தலைமயிர் கிடந்து யாரும் கண்டதில்லை. கோபக்காரிகள் நன்றாகத் துடைப்பார்கள் என்று குகநாதன் கேலி செய்வான். சண்டை அவனுக்கு ஒத்துவராது. யாராவது ஏசினால் சிரித்துவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விடுவான். அவளைக் கட்டி இவ்வளவு காலம் நிம்மதியாக இருந்ததே அந்தக் குணத்தால்தான்.

சலவைப் பகை சின்னது. பெரியது ஒன்று இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அதை அவள் வளர்த்தாள் என்று சொல்வதைவிட, அது அவளை வளர்த்தது என்றால் சரியாக இருக்கும்.

மட்டக்களப்பிலிருந்து அவளும் அவளுடைய அண்ணன் தினேசனும் ஒன்றாகத்தான் புறப்பட்டார்கள். அவர்களைக் கொண்டுவந்தவன் பெயர் ரவி. நம்மவர் வாயில் அவன் ஏஜென்சி. ஆளை எல்லை கடத்திவிடுகிறவனுக்கு வேறெந்த மொழியிலும் இவ்வளவு மரியாதையான பெயர் கிடையாது. மாஸ்கோவில் இறக்கினான், லொறியில் உக்ரைனுக்குள் கொண்டுபோனான், எல்லைக் காட்டோரம் ஒரு பாழ்வீட்டில் போட்டான். நல்ல பனிக்காலம். முதலில் பெண்கள் போகட்டும், ஆண்கள் அடுத்த முறை வரட்டும் என்றான். தங்கையைத் தனியாக அனுப்பமாட்டேன் என்று தினேசன் அவனோடு வாக்குவாதப்பட்டான், சட்டையையும் பிடித்தான். ரவி பதிலுக்குக் கை ஓங்கவில்லை. சிரித்தான். நிரஞ்சினி காட்டைக் கடந்து இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தாள். தினேசன் வரவில்லை. ரவியின் தொலைபேசி செத்துப்போனது. அந்த அடுத்த முறையில் வந்த ஒருவன் கனடாவிலிருந்து சொன்னது இவ்வளவுதான்: நடக்கத் தொடங்கும்போது தினேசன் இருந்தான், விடிந்தபோது இல்லை, இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

அண்ணன் வரட்டும் என்று அவள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். வராமலே கட்டவேண்டி வந்தபோது, பெண்ணின் சகோதரன் நிற்கவேண்டிய மாப்பிள்ளைத் தோழன் இடத்தில் ஒருவரையும் நிறுத்த விடவில்லை. ஐயர் கேட்டார், குகநாதனின் சொந்தக்காரர் கேட்டார்கள், அவள் மசியவில்லை. தாய் சாகும்வரை மகனின் படத்துக்கு மாலை போடவில்லை. தாய்க்குப் பிறகு அந்தப் படம் நிரஞ்சினியிடம் வந்தது. உயிரோடு இல்லை என்று அவளுக்குத் தெரியும், ஆனால் திதி கொடுக்க நாள் தெரியாது. எந்த நாள், எந்த இடம், இந்த இரண்டும்தான் தனக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்வாள். மூன்றாவதாகவும் ஒன்று வேண்டியிருந்தது. ரவியும் அந்த வேதனையைப் பட்டுப் பார்க்கவேண்டும். அதை மட்டும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவன் குரலை அவள் மறுபடி கேட்டது கோயிலில். டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் கோயில் அது. அன்னதான வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒருவர், "பொறு மனே, எல்லாருக்கும் இருக்கு," என்றார். பாழ்வீட்டில் பாண் பங்கிடும்போது ரவி சொன்னதும் அதே சொற்கள்தான், அதே இழுவையில்தான். அவள் திரும்பினாள். தங்கக் கண்ணாடி, வழுக்கை, பட்டு வேட்டி, முன்னால் தள்ளிய வயிறு. சூரிச் பக்கத்திலிருந்து புதிதாகக் குடிவந்தவர், பெயர் சிவானந்தராசா, நிர்வாக சபைக்கு எடுத்திருக்கிறோம், பெரிய மனுசன் என்று பக்கத்தில் நின்றவர்கள் அறிமுகம் செய்தார்கள். எண்பத்தைந்தில் படிக்க வந்தாராம். பயண முகவர் கடை வைத்திருந்தாராம். ரவிக்குச் சுருட்டைமுடி இருந்தது, இவருக்கு ஒன்றும் இல்லை. முகம் பாதி பொருந்தியது, பாதி பொருந்தவில்லை. குரல் முழுக்கப் பொருந்தியது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது குகநாதன் நம்பவில்லை. "மட்டக்களப்பு ஆக்கள் எல்லாரும் மனே எண்டுதானே கதைக்கிறவை. உமக்கென்ன விசரே," என்றான். அடுத்த கிழமை அவள் சிவானந்தராசாவிடமே போய், ரவி என்று ஒருவரைத் தெரியுமா என்று கேட்டாள். ரவி என்றால் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் பொருந்தியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் என்ற நினைப்போடுதான் கோயிலுக்குப் போனாள். ஒவ்வொரு வெள்ளியும் தீபாராதனை நேரம் கை தானாகக் கும்பிட்டது. சாமிக்கு முன்னால் வைத்து ஒருவனின் சட்டையைப் பிடிக்க அவளால் முடியவில்லை. படியிறங்கும்போது பிடிக்கலாம் என்றால் அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. தனக்கு வைராக்கியம் குறைந்துவிட்டதோ என்று தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

இந்த எரிச்சலுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லித்தந்தது, நம்ப மாட்டீர்கள், ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்திய ஒரு சட்டம்.

பாசலில் ரைன் கரையோரம் ஒரு சின்ன மியூசியம். அந்த ஆற்றில் பழைய காலத்தில் நடந்த கப்பல் வியாபாரத்தைப் பற்றி அங்கே ஒரு கண்காட்சி வைத்தார்கள். குடியேறி வந்தவர்களின் மொழிகளிலும் அதைச் சுற்றிக் காட்ட ஆட்கள் தேடினார்கள். தமிழுக்கு நிரஞ்சினி போனாள். வரலாற்று ஆசை ஒன்றும் இல்லை. முழங்கால் வலி தொடங்கியிருந்தது, கட்டில் விரிக்காத வேலையாக ஏதாவது கிடைக்குமா என்றுதான் போனாள். பொறுப்பாக இருந்த ஃப்ரௌ ஸ்டுடர் பொறுமையான மனுசி. சொல்லவேண்டியதை ஜெர்மனில் எழுதித் தந்து, சனிக்கிழமைகளில் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

அப்படித்தான் ஃபிரீசியர் அவள் வாழ்க்கைக்குள் வந்தார்கள். இன்றைய ஒல்லாந்துக் கரையில் சேற்றுமேட்டில் வீடு கட்டி இருந்த சனம். மாடு வளர்த்தார்கள், கம்பளி நெய்தார்கள், மிச்ச நேரமெல்லாம் கடலில். வடகடல் முழுக்க அவர்களுடைய கப்பல்தான். லண்டனுக்குப் போவார்கள், டென்மார்க்குக்குப் போவார்கள், ரைனில் ஏறி ஃபிராங்க் இன அரசர்களின் நாட்டுக்குள் வருவார்கள். துணி கொண்டுவந்து வைனும் திருகைக்கல்லும் ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். ஆற்றை எதிர்த்து ஏற வேண்டிய இடத்தில் அவர்களுடைய அடிமைகள் கரையில் நின்று வடம் பிடித்துக் கப்பலை இழுத்தார்கள். ஆம், அடிமைகள். துணியோடும் வைனோடும் ஆட்களையும் விற்றார்கள். இரும்புக் கால்விலங்கு ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதன் முன்னால் முதல்தடவை நின்றபோது நிரஞ்சினிக்கு எழுத்து ஒன்றும் ஏறவில்லை. ஃப்ரௌ ஸ்டுடர் அடுத்த பெட்டிக்குப் போய் அவளைத் திரும்பிக் கூப்பிட வேண்டியிருந்தது.

அந்த அடுத்த பெட்டியில்தான் சட்டம். ஃபிரீசியரைப் பிடித்து ஆண்ட ஃபிராங்க் பேரரசன் அவர்களுடைய வழக்கத்தையெல்லாம் எழுதிவைக்கச் சொன்னானாம். பெருவிரலை வெட்டினால் என்ன ஈடு, சின்னவிரலுக்கு என்ன ஈடு என்று விரல் விரலாகப் போட்டிருந்தது. கடைசியில் பகையைப் பற்றி ஒரு வரி. பகை உள்ளவனுக்கு வீட்டிலே சமாதானம் உண்டு. கோயிலிலே உண்டு. கோயிலுக்குப் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும் உண்டு. வழக்குச் சபைக்குப் போய்வரும் வழியிலும் உண்டு. அங்கேயெல்லாம் அவனைத் தொடக்கூடாது.

நிரஞ்சினி அதை மூன்றுதரம் வாசித்தாள். வைராக்கியம் குறையவில்லை, தான் நடந்துகொண்டது சட்டப்படிதான் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. மற்ற இடங்களைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லையே என்பதும் கூடவே விளங்கியது. மியூசியம் கோயில் இல்லை.

ஃப்ரௌ ஸ்டுடர் இன்னொரு கதையும் சொன்னார். இங்கிலாந்தில் யோர்க் நகரத்தில் ஃபிரீசிய வியாபாரிகள் தங்கியிருந்தார்கள். ஒரு சண்டையில் அவர்களில் ஒருவன் அந்த ஊர்ப் பிரபுவின் மகனைக் கொன்றுவிட்டான். இறந்தவனின் சொந்தக்காரர் பழிவாங்க வருவார்கள் என்று பயந்து ஃபிரீசியர் அத்தனை பேரும் மூட்டை கட்டிக் கப்பலேறிவிட்டார்கள். கொன்றவன் பிறகு என்ன ஆனான் என்று நிரஞ்சினி கேட்டாள். அது எழுதப்படவில்லை என்றார் அவர். தப்பிவிட்டான் என்று அர்த்தம், அந்தச் சொந்தக்காரர் சோம்பேறிகள் என்று அவள் மனதுக்குள் திட்டினாள்.

கோயிலின் மூத்தோர் அணிக்குக் குளிர்காலச் சுற்றுலா ஒன்று வேண்டியிருந்தது. பஸ் பிடித்து வாருங்கள், தமிழிலேயே சுற்றிக் காட்டுகிறேன் என்று நிரஞ்சினி சொன்னதும் சபை மகிழ்ந்துபோனது. சிவானந்தராசா வருவாரா என்று அவள் விசாரிக்கவே இல்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில் அவர் இல்லாமல் இருக்கமாட்டார், யார் பேசினாலும் கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கவேண்டும். குகநாதனுக்கு மட்டும் சந்தேகம். அன்று காலை ரயிலுக்கு இறங்கும்போது, "கேக்கிறதைக் கேளும். கேட்டுப்போட்டு வாரும்," என்றான். ஓம் என்றாள்.

மாசி மாதம், சனிக்கிழமை. முதல்நாள் பெய்த பனி வீதியோரம் கறுத்துக் கிடந்தது. பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு எல்லாரும் வழுக்கி வழுக்கி ஆற்றங்கரையால் நடந்து வந்தார்கள். பார்த்து முடிந்ததும் மாலைப் பூசைக்குக் கோயிலுக்கே திரும்புவதாக ஏற்பாடு. அப்படியென்றால் பஸ்ஸில் கால் வைத்த நிமிடத்திலிருந்து அவர் கோயில் வழியில் இருப்பார் என்று நிரஞ்சினி கணக்குப் போட்டுக்கொண்டாள். மியூசியத்திலிருந்து பஸ் வரைக்கும்தான் அவளுக்கு இடம்.

ஃபிரீசியர் என்று அவள் தொடங்கியதுமே யாரோ, "ஃபிரீசருக்குள்ள கிடந்த ஆக்களோ," என்று கேட்டுச் சிரிப்பு எழுந்தது. நல்ல கூட்டம். கப்பல் மாதிரியைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். திருகைக்கல்லைக் கண்டதும் பெண்கள் நாலு பேர் கண்ணாடிக்கு மூக்கை ஒட்டினார்கள், உழுந்து உடைக்கத் தோதான கல் என்று முடிவு சொன்னார்கள். வடம் பிடித்துக் கப்பல் இழுத்த கதைக்கு, தேர் இழுத்துப் பழகிய ஆட்களை விட்டிருந்தால் ஒரே மூச்சில் பாசல் வந்திருக்கும் என்றார் ஒருவர். ஃப்ரௌ ஸ்டுடருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் பின்னால் நின்று எல்லாச் சிரிப்புக்கும் சிரித்தார்.

பிறகு கால்விலங்குப் பெட்டிக்கு வந்தார்கள். அந்த இடத்தில் சொல்லவேண்டிய கதை ஒன்று உண்டு. போரில் பிடிபட்ட ஒரு வீரனை லண்டனில் ஒரு ஃபிரீசிய வியாபாரி வாங்கினான். கட்டிவைத்தால் கட்டு தானாக அவிழ்ந்தது. மறுபடி கட்டினாலும் அவிழ்ந்தது. காரணம், வீரனின் அண்ணன் ஒரு பாதிரியார். தம்பி செத்துப்போனான் என்று நினைத்து ஒவ்வொரு நாளும் அவனுக்காகப் பூசை செய்தாராம். பூசை நேரத்தில் கட்டு அவிழ்ந்தது. கட்டிவைக்க முடியாதவனை வைத்து என்ன செய்வது என்று வியாபாரி ஆளை மீட்டுக்கொள்ள விட்டுவிட்டான். ஃப்ரௌ ஸ்டுடர் எழுதித் தந்ததில் வியாபாரி என்றுதான் இருந்தது. நிரஞ்சினி அந்த ஒரு சொல்லை மாற்றுவதற்காகத்தான் இவ்வளவு பாடும் பட்டாள்.

"லண்டனில அவனை ஒரு ஏஜென்சி வாங்கினான்," என்றாள், சிவானந்தராசாவைப் பார்த்துக்கொண்டு.

கூட்டம் கலகலவென்று சிரித்தது. அந்தக் காலத்திலேயே ஏஜென்சி இருந்திருக்கிறதே என்று ஆளாளுக்குத் தங்கள் தங்கள் ஏஜென்சிக் கதையைத் தொடங்கிவிட்டார்கள். சிவானந்தராசா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. அவள் மாதக்கணக்காகக் கூராக்கிய கத்தி மொட்டை. நான்தான் பிழையோ, குரலை மட்டும் வைத்து ஒரு மனுசனைச் சந்தேகப்பட்டேனோ என்றுகூட ஒருகணம் நினைத்தாள்.

அப்போதுதான் ஒருவர் கேட்டார், கட்டு அவிழ்ந்தது என்றால் அந்த வீரன் ஏன் ஓடவில்லை என்று. அவளிடம்தான் கேட்டார். எழுதித் தந்ததில் அதற்குப் பதில் இல்லை. அவள் யோசிப்பதற்குள் சிவானந்தராசா முந்திக்கொண்டார். கடைசி வார்த்தை அவருடையதல்லவா.

"உவங்களுக்குத் தொழில் தெரியாது மனே. விலங்கும் சங்கிலியும் எதுக்கு? சப்பாத்தைக் கழட்டி வாங்கிச் சாக்கில கட்டி வை. பனிக்குள்ள எங்க ஓடப்போறான்."

சிலர் சிரித்தார்கள். நிரஞ்சினி சிரிக்கவில்லை. பாழ்வீட்டுக்குள் போன அன்றே ரவி எல்லாருடைய சப்பாத்தையும் சாக்கில் போட்டுத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். இதை அவள் குகநாதனைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

கூட்டத்தில் இன்னொருவரும் சிரிக்கவில்லை. அழகிப்பிள்ளை அக்கா, அறுபத்தைந்து வயது, முதியோர் இல்லத்தில் வேலைசெய்து இளைப்பாறியவர், அதிகம் வாய் திறக்காதவர். அவர் கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அது உரச் சாக்கு," என்றார். "உக்ரைன் எல்லையில அந்தப் பாழ்வீட்டில நானும் ஒரு மாதம் கிடந்தனான். முகம் மறந்துபோச்சு, சாக்கு மறக்கேல்ல. போகச் சொன்ன அண்டைக்கு அதுக்குள்ள கையை விட்டு என்ட சோடியைத் தேடினனான். நீங்க எண்பத்தஞ்சில படிக்க வந்த ஆளெல்லோ. சாக்கு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேள்விப்பட்ட கதை, யாரோ சொன்னார்கள் என்று சிவானந்தராசா தடுமாறினார். யார் சொன்னது என்று அழகிப்பிள்ளை கேட்டார். பெயர் வரவில்லை. இருபது முகங்கள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றன. அதில் பாதிப் பேர் ஏதோ ஒரு ஏஜென்சியால் வந்தவர்கள்தான், பொய் எப்படி முழிக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நிரஞ்சினி கிட்டப் போனாள். இருபது வருட யாழ்ப்பாணக் குடித்தனத்தில் அவளுடைய பேச்சு மாறிப்போயிருந்தது. அந்த நேரம் ஊர்ப்பேச்சு தானாக வந்தது.

"தினேசன். உங்கட சட்டையைப் பிடிச்சவன். அவன் எங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெல்லிய குரலில், அவளுக்கு மட்டும் கேட்கும் என்று நினைத்துச் சொன்னார். எல்லாருக்கும் கேட்டது. அவன் வாய் காட்டினவன், ஆட்களுக்கு முன்னால் கைவைத்தவன். அவனுக்கு ஒரு பாடம் படிப்பிக்க வேண்டும் என்று சப்பாத்தைக் கொடுக்கவில்லை. காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நடக்கச் சொன்னேன். பாதி வழியில் நடக்கமாட்டேன் என்று கீழே உட்கார்ந்துவிட்டான். கால் கறுத்துப்போயிருந்தது. மற்றவர்களைக் கொண்டுபோகவேண்டியிருந்தது. அடுத்தநாள் ஆள் விட்டுப் பார்த்தேன். முடிந்துவிட்டது.

"சாகட்டும் எண்டு செய்யல்ல மனே," என்றார். "நாளும் தெரியும், புதைச்ச இடமும் தெரியும். இவ்வளவு பேருக்கு முன்னால வேண்டாம். அங்கால வா, சொல்லுறன்."

இவ்வளவு காலம் அவள் கேட்டுத் திரிந்தது அதுதான். இரண்டடி தள்ளிப் போனால் கிடைத்திருக்கும். அவளுக்கு அந்த இரண்டடி தெரியவில்லை. கறுத்த கால் மட்டும்தான் தெரிந்தது. பிறகு அவருடைய காலில் இருந்த சப்பாத்து தெரிந்தது, உள்ளே மென்மயிர் வைத்த நல்ல குளிர்காலச் சப்பாத்து.

"கழட்டுங்க," என்றாள்.

அவர் விளங்காதவர்போல் பார்த்தார். முதலில் சொல்கிறேன், கேள் என்றார். "கழட்டுங்க," என்றாள் மறுபடி, அதே குரலில். அவர் மற்றவர்களைப் பார்த்தார். கோயிலில் அவருக்கு மாலை போட்டவர்கள் நின்றார்கள். அவரோடு ஒரே வரிசையில் இருந்து சாப்பிட்டவர்கள் நின்றார்கள். அழகிப்பிள்ளை அக்கா சுவரோரம் இருந்த கதிரையை இழுத்து அவருக்குப் பின்னால் வைத்தார். அவர் இருந்து, குனிந்து, வயிறு இடிக்க மூச்சு வாங்கிக்கொண்டு கழற்றினார். காலுறையையும் என்று நிரஞ்சினி சொன்னாள். அதையும் கழற்றினார்.

ஃப்ரௌ ஸ்டுடருக்குக் கண் கலங்கிவிட்டது. தமிழர்கள் புனிதமான இடத்தில் காலணி கழற்றுவார்கள் என்று அவர் எங்கோ படித்திருந்தார். அடிமைகளுக்கு மரியாதை செய்கிறார் இந்தப் பெரியவர் என்று நினைத்து நெஞ்சில் கை வைத்துத் தலைகுனிந்தார். வெறுங்காலோடு அவர் எழுந்து நடந்தபோது ஓடிப்போய்க் கதவையும் திறந்து பிடித்தார். நிரஞ்சினிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

வெளியே பனி உருகியும் உருகாமலும் கிடந்தது, நடுவில் உப்பும் சின்னக் கல்லும் தூவியிருந்தார்கள். சிவானந்தராசா பாலம் வரைக்கும் அதில் நடந்தார். நடை என்று சொல்ல முடியாது. ஒரு காலைத் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்று, வைத்து, இழுத்து. இடையில் ஒருமுறை நின்று திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நடவுங்க," என்றாள் பின்னால் வந்த நிரஞ்சினி. அவருடைய சப்பாத்துகள் அவள் கையில் இருந்தன, இன்னும் சூடாக. மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் வந்தார்கள். நடைபாதையில் போன சுவிஸ்காரர் ஒதுங்கி வழிவிட்டார்கள். பஸ்ஸுக்குக் கிட்டப் போகும்போது அவர் அழுதுகொண்டு நடந்தார்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை. கல்யாணத்தன்றோ, சுவிஸ் கடவுச்சீட்டு கைக்கு வந்தன்றோ அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு இருந்ததில்லை. கால்விரல்கள் சிவந்து நீலம்பாரிப்பதைக் கண்ணால் பார்த்தாள், போதவில்லை, பஸ் இன்னும் கொஞ்சம் தூரத்தில் நின்றிருக்கக்கூடாதா என்றுதான் நினைத்தாள். அவர் பஸ் படியில் கால் வைத்தார். அதோடு அவர் கோயில் வழி. அவள் நின்றுவிட்டாள். சப்பாத்தை அழகிப்பிள்ளை அக்காவிடம் கொடுத்தாள். பஸ் புறப்பட்டுப் போனது.

ஓல்ட்டன் தாண்டி ரயில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. நாளைக் கேட்கவில்லை. இடத்தையும் கேட்கவில்லை.

அழகிப்பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தாள். பஸ்ஸில் அவர் ஒருவரோடும் பேசவில்லை, கோயிலடியில் இறங்கினதும் மகள் காரில் வந்து ஏற்றிப்போய்விட்டாள் என்றார் அக்கா. அவருடைய இலக்கத்துக்கு எடுத்தாள், அடித்து அடித்து ஓய்ந்தது. ஞாயிறும் எடுத்தாள், திங்களும் எடுத்தாள், பிறகு அந்த இலக்கமே இல்லை என்று இயந்திரம் சொன்னது. வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் இல்லை. வீடு தேடிப் போனபோது பெயர்ப்பலகை கழற்றியிருந்தது. குடும்பமாக எங்கோ போய்விட்டார்கள், நோர்வேயில் மகன் இருக்கிறானாம், லண்டனில் தம்பி இருக்கிறானாம் என்று பலரும் பலதைச் சொன்னார்கள். யோர்க்கிலிருந்து கப்பலேறின ஃபிரீசியரை நினைத்து இந்த முறை அவள் ஒருவரையும் திட்டவில்லை.

குகநாதன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தான். அது அவளுக்கு ஏச்சைவிட மோசமாக இருந்தது. "கேட்டிருக்கலாம்," என்று அவளே சொன்னாள். அவன் தலையாட்டினான்.

பங்குனி பிறந்ததும் ஐயரிடம் போனாள். அண்ணன் செத்தது உறுதி, நாள் தெரியாது என்றாள். நாள் தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாம், குறையில்லை என்றார் ஐயர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு வழியும் சொன்னார். செத்த செய்தி எந்த நாள் காதில் விழுந்ததோ, அந்த நாளின் திதியையும் எடுக்கலாம். சாத்திரத்தில் இடம் உண்டு.

குகநாதன் பக்கத்தில் இருந்தான். "அமாவாசையிலேயே செய்வம். அந்த நாள் வேண்டாம்," என்றான். அவளிடம் அவன் ஒன்றை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல்தரம்.

வருடாவருடம் படத்துக்கு முன்னால் சோறு படைத்துவிட்டு நிற்கும்போது தனக்கு நினைவில் வரப்போவது அண்ணனுடைய முகமா, பனியில் நடந்த அந்தக் காலா என்று நிரஞ்சினிக்குத் தெரியாமல் இல்லை. ஐயர் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் அந்த மாசி மாதத்துச் சனிக்கிழமையைச் சொன்னாள்.